குடல் பாக்டீரியாவை நம் உடம்பே ஏன் கொல்வதில்லை?

கேள்வி: வயது 44. மும்பை செம்பூரில் இருக்கிறேன். போன மாதம் இருமலுக்கு மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டதில் மூன்று நாள் பேதி. இப்போது சரியாகிவிட்டது. ஆனாலும் கடைக்காரர் மூன்று மாதத்துக்குப் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) கேப்ஸ்யூல் சாப்பிடச் சொல்கிறார். தேவையா? கிருமியைக் கண்டாலே எதிர்ப்பு சக்தி தாக்கும் என்றால், குடலில் உள்ளவை எப்படித் தப்பிக்கின்றன?

பதில்: பேதி நின்றுவிட்டதே, கேப்ஸ்யூல் வேண்டாம். உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவாரஸ்யமானது.

அவை தப்பிக்கவில்லை, எட்ட நிறுத்தப்படுகின்றன. பெருங்குடலின் உள்சுவர் மேல் இரண்டு அடுக்குச் சளிப் படலம் உண்டு. மேல் அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். சுவரை ஒட்டிய அடுக்கு இறுக்கமானது, அதற்குள் அவை அநேகமாக நுழைவதில்லை. சிறுகுடலில் பானெத் செல்கள் டிஃபென்சின் என்ற கிருமிக்கொல்லியைச் சுரக்கின்றன. இத்தனையும் மீறி ஒன்றிரண்டு உள்ளே வந்தால், மேக்ரோபேஜ் செல்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். வேறு இடமாக இருந்தால் வீக்கம், காய்ச்சல் என்று ஊரையே கூட்டியிருக்கும்!

இவையெல்லாம் பிறவியிலேயே நம்மோடு வரும் எதிர்ப்பாற்றல். அதற்கும் பாக்டீரியாவின் உதவி தேவை. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவை அழித்த எலிகளுக்குக் குடலைப் புண்ணாக்கும் ரசாயனம் கொடுத்தார்கள். மற்ற எலிகளைவிட அவை மோசமாகப் பாதிக்கப்பட்டன. பாக்டீரியா இருப்பதை டோல் ஏற்பிகள் (கிருமிகளை அடையாளம் காணும் செல் புரதங்கள்) உணர்ந்துகொண்டே இருந்தால்தான் குடல் சுவரின் பழுதுபார்ப்பு ஒழுங்காக நடக்கிறது. நார்ச்சத்தை நொதிக்கவைத்து பாக்டீரியா தரும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். நார்ச்சத்து கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் சளிப் படலத்தையே அரித்துத் தின்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

கேப்ஸ்யூல் விஷயத்தில் 2018-ல் இஸ்ரேலில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். சிறிய ஆய்வுதான். ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது.

அந்தப் பணத்துக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டும் கீரையும் வாங்குங்கள். கொண்டைக்கடலை, கேழ்வரகு, வீட்டுத் தயிர் எல்லாம் நல்லது. தினமும் வடாபாவோடு காலை உணவை முடிப்பவராக இருந்தால், பாவ் வெறும் மைதா என்பதை நினைவில் வையுங்கள். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அப்புறம், பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. பேதி திரும்பவும் வந்தாலோ, மலத்தில் ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தாலோ மெடிக்கலுக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள்.