வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கலாமா?

வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடி ஆவண எழுத்தர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். கோட்டையூரில் ஐந்தரை சென்ட் இடத்தில் 2018-ல் வீடு கட்டினோம். பேங்க் கடன் 32 லட்சம், 20 வருஷம், மாதம் 29,000 தவணை. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தவரை தடங்கல் இல்லை. கம்பெனியில் ஆள் குறைத்ததில் ஊருக்கு வந்துவிட்டார். இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் 22,000 சம்பளம். நான் பலகாரம் போட்டுக் கொடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் பத்து, பன்னிரண்டாயிரம் நிற்கும், மற்ற மாதம் ஐயாயிரம்தான். இரண்டு தவணை நின்றுபோய்விட்டது. 27 லட்சம் பாக்கி. வீடு இன்றைக்கு 60 லட்சத்துக்குக் குறையாது.

உறவில் ஒருவர் வந்து, "38 லட்சம் தருகிறேன், பேங்க்கை அடைத்துவிட்டு மீதி 11 லட்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை என் பேருக்குக் கிரயம் பண்ணிக் கொடுங்கள். மாதம் 16,000 வாடகைக்கு நீங்களே இருங்கள். மூன்று வருஷத்துக்குள் 50 லட்சம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். வீட்டைவிட்டு இறங்க வேண்டாம், ஊருக்கும் தெரியாது என்பதால் இவர் சம்மதித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கானாடுகாத்தான் பெரிய வீட்டில் இவருக்கு ஒரு பங்கு உண்டு, பூட்டித்தான் கிடக்கிறது. பெண் பிளஸ் டூ படிக்கிறாள். என்ன செய்யலாம்? – கோட்டையூர் வாசகி

பதில்: ஆச்சி, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அவர் தருவது 38 லட்சம். மூன்று வருஷ வாடகை 5 லட்சத்து 76 ஆயிரம். திருப்பி வாங்கும்போது கூடுதலாகக் கொடுப்பது 12 லட்சம். ஆக, 38 லட்சத்துக்கு மூன்று வருஷத்தில் 17 லட்சத்து 76 ஆயிரம் போகிறது. வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்தரை வட்டி. இதோடு முடியவில்லை. வீடு மறுபடி உங்கள் பேருக்கு வரும்போது முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது நாலரை லட்சம், வாங்குகிற நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். அதையும் சேர்த்தால் பத்தொன்பதைத் தாண்டுகிறது. பேங்க் வட்டியைக் கட்ட முடியாதவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வட்டியில் ஒரு கடன் இது. வாடகை என்று பேர் வைத்திருப்பதால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், மூன்று வருஷத்தில் 50 லட்சம் எங்கிருந்து வரும்? புதுக் கடன்தான் வாங்க வேண்டும். இப்போதுள்ள சம்பளத்துக்கும், தவணை தவறிய சிபில் கணக்குக்கும் எந்த பேங்க் அவ்வளவு கொடுக்கும்? கொடுக்காது என்பது அந்த உறவினருக்கும் தெரிந்திருக்கும். 60 லட்சம் பெறுமான வீடு 38-க்கு அவரிடம் நின்றுவிடும். போவது 22 லட்சம்.

பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது, அந்தக் கிரயப் பத்திரத்தில் என்ன இருக்கும் என்பதைத்தான். "கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன். சொத்தின் சுவாதீனத்தை இன்றே தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டேன். இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் யாதொரு பாத்தியமும் இல்லை. புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." இந்த வாசகத்துக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். சார்பதிவாளர் முன்னால் விரல் ரேகை வைப்பீர்கள், போட்டோ எடுப்பார்கள். அன்று சாயங்காலம் அதே வீட்டில் அடுப்புப் பற்றவைத்தாலும் நீங்கள் வாடகைக்காரர்தான். எழுதிப் பதிந்ததற்கு மாறாக வாய்ப்பேச்சைக் கொண்டுவந்து நிறுத்த சாட்சியச் சட்டம் சாதாரணமாக இடம் தராது. "திருப்பித் தருகிறேன் என்று சொன்னாரே" என்று கோர்ட்டில் நின்று அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்திரம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

அவர் உண்மையிலேயே உதவி செய்கிறவர் என்றால் ஒன்று கேளுங்கள். இத்தனை நாளுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டைத் திருப்பி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையை அதே கிரயப் பத்திரத்துக்குள் எழுதச் சம்மதிப்பாரா? 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அதை அடமானம் என்று வாதாட முடியும். அடமானம் என்றால் கெடு தாண்டியதும் வீடு தானாக அவருக்குப் போய்விடாது. அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தனித்தாளில் எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரும்பாலும் அவர் "எதற்கு இதெல்லாம், நமக்குள்ளே" என்பார். அதுவே உங்களுக்குப் பதில்.

வாடகையை இரண்டு மாதம் நிறுத்தி, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால், காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர் மனுப் போட நம் மாநிலத்து 2017-ம் வருஷ வாடகைச் சட்டம் வழி தருகிறது. பேங்க் உங்களுக்கு அதைவிட அதிக நாள் தருகிறது. தவணை நின்று 90 நாள் ஆனால்தான் வாராக்கடன். அதற்கப்புறம், அடமானச் சொத்தை பேங்க் நேரடியாக எடுக்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் பேங்க் 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளிவருவதற்கு முன்னால் எந்த நாளில் முழுப் பாக்கியைக் கட்டினாலும் வீடு உங்களுடையது. இவற்றில் ஒரு கட்டமும் உறவினர் கொடுக்கும் வாடகை வீட்டில் இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அவர் வாங்கிய வீட்டை அவரே ஒரு பேங்க்கில் வைத்துக் கடன் வாங்கலாம். அவர் கட்டாவிட்டால் பேங்க் வந்து உங்களைத்தான் இறக்கும். இங்கிலாந்தில் 2008 சரிவு சமயம் இந்த மாதிரி, வீட்டை வாங்கி விற்றவருக்கே வாடகைக்கு விடுவது, ஒரு தனி வியாபாரமாக நடந்தது. 2009-ல் அங்கே நிதித்துறைக் கட்டுப்பாட்டு ஆணையம் தலையிட்டது. 2012-ல் ஆய்வு செய்து, இப்படி நடந்தவற்றில் பெரும்பாலானவை விற்றவர்களுக்குக் கட்டுப்படியாகாதவை, நடந்திருக்கவே கூடாதவை என்று சொன்னது. கம்பெனிகள் கடையைக் கட்டின. காலம் முழுக்க இருக்கலாம் என்ற வாக்கை நம்பி விற்ற ஒரு பெண்ணின் வழக்கு அங்கே உச்ச நீதிமன்றம் வரை போய், வாங்கியவருக்குக் கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமையே பெரியது என்று 2014-ல் தீர்ப்பானது. சட்டம் ஊருக்கு ஊர் வேறு. ஏமாறுகிற இடம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நாளைக்கே பேங்க்குக்குப் போங்கள். மூன்றாவது தவணை நிற்பதற்குள் போக வேண்டும். வேலை போனதையும் இப்போதைய சம்பளத்தையும் எழுதி, கடன் காலத்தை நீட்டித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 18 வருஷமாக நீட்டினால், 9 சதவீத வட்டிக்குத் தவணை 25,300 வரும். அதுவும் உங்களுக்கு அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். அசலைக் குறைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் கானாடுகாத்தான் பங்கு. நம் பக்கத்தில் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கட்டில், ஓர் அறை, முகப்பும் பட்டாலையும் பொது என்று பூட்டிக்கிடக்கும் பங்கை யாரும் பணமாக நினைப்பதில்லை. வெளி ஆளுக்கு விற்பது கஷ்டம். ஆனால் வீட்டை முழுசாகத் தன் பக்கம் சேர்க்க நினைக்கும் பங்காளி ஒருவர் அநேகமாக இருப்பார். பாகப்பிரிவினைப் பத்திரம் எங்கே என்று பாருங்கள், சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் பங்காளிகளைக் கேளுங்கள். உங்கள் பங்கை அவருக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். இதற்கிடையில் வாசல் நிலை, தூணை மட்டும் கழற்றித் தரச் சொல்லி வியாபாரிகள் வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடக்கும் நிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அது தவிர, பொதுச் சொத்தில் கைவைத்தால் பங்காளி வழக்குதான் மிச்சம்.

பங்கில் எட்டு லட்சம் கிடைத்து அசலில் கட்டினால் தவணை 17,800-க்கு இறங்கும். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. உறவினருக்குக் கொடுக்க நினைத்த வாடகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். வீடு உங்கள் பேரிலேயே இருக்கும்.

பங்கும் போகவில்லை, பேங்க்கும் இறங்கி வரவில்லை என்றால் விற்றுவிடுங்கள். ஆனால் வெளிச்சத்தில், நாலு பேரிடம் விலை கேட்டு விற்க வேண்டும். கடன் இருக்கும் வீட்டை விற்பது தினம் நடக்கிற காரியம்தான்; வாங்குகிறவர் உங்கள் பாக்கியை நேராகக் கடன் கணக்கில் கட்டிவிடுவார். கடன் முடிந்த 30 நாளுக்குள் பேங்க் அசல் பத்திரங்களைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. அவசரத்தில் 55 லட்சத்துக்குப் போனாலும் கடன் போக 28 லட்சம் கையில் நிற்கும். அதில் 15 லட்சத்தை இருவர் பேரிலும் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் இப்போதைய 7.4 சதவீதத்துக்கு மாதம் 9,250 வரும். கோட்டையூரிலோ காரைக்குடியிலோ ஒரு நல்ல வீட்டு வாடகை அதிலேயே நடந்துவிடும். மீதி 13 லட்சம் பெண்ணின் படிப்புக்கு. உறவினர் வழியில் 11 லட்சத்தோடு மாதம் 16,000 வாடகையும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஊருக்குத் தெரியாது என்கிறாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். கிரயம் பதிவானால் உங்கள் சர்வே எண்ணைத் தட்டுகிற எவருக்கும் அது தெரியும். மறைக்க முடியாத ஒன்றை மறைப்பதற்காக 22 லட்சம் கொடுக்காதீர்கள். மஸ்கட்டில் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் அது.

கேள்வி: தேவகோட்டையில் 4 லட்சம் கொடுத்து ஒத்திக்குக் குடியிருக்கிறேன். வாசலில் பேங்க் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் பணம் என்னாகும்? – தேவகோட்டை வாசகர்

பதில்: ஒத்திப் பத்திரம் பதிவானதா, பேங்க் அடமானம் முந்தியதா என்று தேதி பாருங்கள். அடமானம் முந்தி, பேங்க் சம்மதம் இல்லாமல் அப்புறம் ஒத்தி போட்டிருந்தால் அது பேங்க்கைக் கட்டுப்படுத்தாது. பணத்தை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஏலத்தில் கடன் போக மிஞ்சினால் அது அவருக்குச் சேரும். அந்தத் தொகையைப் பிடிக்க இப்போதே வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் ஒத்திக்குப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே வீட்டைக் கிரயம் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கிறேன். கிரயத்தன்றே 20 ரூபாய் முத்திரைத்தாளில், மூன்று வருஷத்துக்குள் திருப்பித் தருவதாக எழுதி வாங்கினேன். பதியவில்லை. கெடு முடிய இரண்டு மாதம் இருக்கிறது. வாங்கியவர் போனை எடுப்பதில்லை. – பள்ளத்தூர் வாசகர்

பதில்: விற்பனை ஒப்பந்தங்களைப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்தே விதி. ஆனாலும் மனம் தளர வேண்டாம். பதியாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், நம் மாநிலத்து வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு முக்கியம் கெடு. திருப்பி வாங்கும் ஒப்பந்தத்தில் நீதிமன்றங்கள் தேதியைக் கறாராகப் பார்க்கும். பணம் தயார் என்பதைக் காட்டும் பேங்க் கணக்கு விவரத்தோடு, கெடுவுக்கு முன்னாலேயே வக்கீல் மூலம் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் தயாராக இல்லாமல் நோட்டீஸ் மட்டும் அனுப்பினால் வழக்கு நிற்காது. இன்றே வில்லங்கமும் போட்டுப் பாருங்கள், அவர் வேறு யாருக்காவது விற்றுவிட்டாரா என்று. விற்றிருந்தாலும், நீங்கள் அந்த வீட்டிலேயே குடியிருப்பது உங்களுக்குச் சாதகம்: குடியிருப்பவரின் உரிமை என்ன என்று விசாரிக்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு. அதனால் வழக்கு முடியும் வரை, யார் என்ன சொன்னாலும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் அவர் பேங்க் கணக்கிலேயே போடுங்கள்.