அந்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவன். எங்கள் உதவிப் பேராசிரியை ஒருவர், இன்டர்னல் மார்க்கை போர்ட்டலில் ஏற்றித் தரச் சொல்லி, தன் லாகின் ஐடி, பாஸ்வேர்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஏற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, என் மார்க்கைப் பார்ப்பதற்காக ஹாஸ்டலில் இருந்து அதே லாகினில் நுழைந்தேன். லேப்டாப்பை மூடாமல் சாப்பிடப் போய்விட்டேன். அந்த நேரத்தில் ரூம்மேட் தன் மார்க்கைக் கூட்டிப் போட்டிருக்கிறான். வைஃபை பதிவில் என் ரெஜிஸ்டர் நம்பர்தான் இருக்கிறது. பாஸ்வேர்டே கொடுக்கவில்லை என்கிறார் மேடம். மெஸ் சாப்பாடு பற்றிப் புகார் செய்ததிலிருந்து துறைத் தலைவருக்கும் என்மேல் கோபம். கேம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது. ‘மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் சைபர் கிரைம் போவோம்’ என்கிறார்கள். புதன்கிழமைக்குள் பதில் தர வேண்டும். எழுதிக் கொடுக்கலாமா, ஹைகோர்ட்டில் ரிட் போடலாமா?

பதில்: மெஸ் சாப்பாட்டை விடுங்கள். துறைத் தலைவரின் கோபத்தையும் விடுங்கள். ‘எல்லா மாணவர்களும்தான் பாஸ்வேர்டு பகிர்கிறார்கள்’ என்று தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் எதற்கும் உதவாது. மார்க்கை மாற்றியது யார் என்ற கேள்விகூட எனக்கு இரண்டாவதுதான். முதல் கேள்வி இது: மூன்று வாரம் கழித்து நுழைந்தீர்களே, அன்றைக்கு அந்த லாகினைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இருந்ததா? இல்லை. மார்க் ஏற்றும் வேலைக்குத்தான் அனுமதி கிடைத்தது. வேலை முடிந்ததும் அனுமதியும் முடிந்துவிட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி, உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைந்தால் இழப்பீடு தர வேண்டிவரும். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் பிரிவு 66-இன்கீழ் குற்றம்: மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தவர் பாஸ்வேர்டை அந்த எண்ணத்தோடு பயன்படுத்தினால் 66சி. அதற்கும் மூன்றாண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம்.

தன் மார்க்கை எட்டிப் பார்த்தவனுக்கு அனுமதி இல்லை என்பது சரி, ஆனால் அதில் மோசடி எண்ணம் இருந்தது என்று நிறுவுவது கஷ்டம். மார்க்கை மாற்றியவனுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். அவர்கள் கேட்கும் கடிதம் உங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்பதுதான் இப்போது விஷயம்.

இந்தக் கடிதத்தில்தான், வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள். பையனை ஓர் அறையில் உட்கார வைத்து, எதிரில் இருப்பவர் வாக்கியம் வாக்கியமாகச் சொல்வார். பையன் ஏ-4 தாளில் எழுதுவான். கடைசிக்கு முந்தைய வரி பெரும்பாலும் ஒன்றேதான்: ‘மேற்படி லாகினில் நடந்த அனைத்துக்கும் நானே முழுப் பொறுப்பு.’ கீழே பையன் கையெழுத்து, அதற்குக் கீழே அப்பா கையெழுத்து. கல்லூரி விதிப்புத்தகத்தின் மொழியில் அது சாதாரண வரி. மறுநாள் அதே தாள் போலீஸ் புகாரோடு இணைப்பாகப் போனால், மார்க்கை மாற்றியதையும் நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் படிக்கப்படும்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது என்று சினிமா பார்த்தே எல்லாரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பதிவாளரிடமோ வார்டனிடமோ எழுதிக் கொடுத்ததற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மிரட்டி வாங்கியது என்று வாதாடலாம்தான். ஆனால் உங்கள் கையெழுத்தும் அப்பா கையெழுத்தும் இருக்கும் தாளை வைத்துக்கொண்டு அந்த வாதத்தை நடத்துவது லேசில்லை. இதில் கோர்ட்டாவது சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் கேட்கும். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அவ்வளவு தேவையில்லை. ‘நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்று தோன்றினாலே போதும், அந்தக் கடிதம் ஒன்றை வைத்தே உங்களை நீக்கிவிடலாம்.

அடுத்து அந்த வாட்ஸ்அப் செய்தி. அதை ‘பிரம்மாஸ்திரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மேடம் கொடுத்தார் என்பதை அது காட்டும், உண்மை. ஆனால் ‘இந்த வார மார்க்கை ஏத்திடுப்பா’ என்றல்லவா அதில் இருக்கிறது? எதற்காகக் கொடுத்தார் என்பதையும் அதே செய்திதான் சொல்கிறது. மூன்று வாரம் கழித்தும் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. பத்திரமாக வையுங்கள், நம்பி மட்டும் இருக்காதீர்கள். பயத்தில் லேப்டாப்பை ஃபார்மட் செய்யவோ சாட்டை அழிக்கவோ கூடாது. தடயத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 238-இல் தனிக் குற்றம், இல்லாத மோசடி எண்ணத்தை இருந்ததாகவும் அது காட்டிவிடும். யார், எப்போது நுழைந்தார் என்று காட்டும் கணினி லாக் பதிவு, அதற்கான சட்டப்படியான சான்றிதழ் இல்லாவிட்டால் செல்லாது என்று சீனியர் ஒருவர் சொன்னாராம். அந்தச் சான்றிதழைப் பின்னால் கோர்ட் விசாரணையின்போதுகூடக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது.

ரிட் (நிர்வாகத்தின் நடவடிக்கையை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு) இப்போது வேண்டாம். வெறும் விளக்கம் கேட்கும் கட்டத்தில் ஹைகோர்ட் பொதுவாகத் தலையிடாது. அதோடு, நீங்கள் நுழைந்ததை நீங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தது போலாகும். விசாரிக்காமல் நீக்கினால் அப்புறம் பார்க்கலாம்.

நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். அதுவும் எஃப்.ஐ.ஆர். விழுவதற்கு முன்னால். 66, 66சி இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்தான், உள்ளே போய்விடுவோம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வேலை கொடுத்த நிறுவனம் பின்னணி சரிபார்க்கும்போது ஒரு வழக்கு எண் இருந்தாலே சிக்கல். பலரும் கவனிக்காத இன்னொன்று: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 77ஏ, இத்தகைய குற்றங்களைக் கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ள வழி விடுகிறது. பெண்ணுக்கு எதிரான குற்றம் என்றால் அந்த வழி அடைபடும். மேடம் தன் பாஸ்வேர்டு திருடப்பட்டதாக 66சி-யில் புகார் கொடுத்துவிட்டால், பின்னால் அவரே மனம் மாறினாலும் கீழ்க் கோர்ட்டில் முடிக்க முடியாது. வழக்கை ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். அது நீதிபதியின் விருப்புரிமை, செலவும் காலமும் உங்களுடையது.

ஆகவே கடிதம் கொடுங்கள், ஆனால் உங்கள் வாக்கியத்தில். இன்ன வேலைக்காக லாகின் தரப்பட்டது, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் நுழைந்தேன், என் மார்க்கை மட்டும் பார்த்தேன், எதையும் மாற்றவில்லை, லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன், கேட்காமல் நுழைந்ததற்கு வருந்துகிறேன். இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். நண்பன் மாற்றியதை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, அதனால் மாற்றினான் என்று எழுதாதீர்கள். அறையில் யார் இருந்தார் என்று கேட்டால் அதை மட்டும் சொல்லுங்கள். எச்சரிக்கை, அபராதம், ஒரு செமஸ்டருக்கு நெட்வொர்க் தடை என்று ஏதாவது வந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் லாகினை மாணவர் கையில் கொடுக்கும் வழக்கம் கோர்ட்டில் பேசப்படுவதை நிர்வாகமும் விரும்பாது. அதை அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, சொன்னால் மிரட்டல் ஆகிவிடும்.

புதன்கிழமை கெடு என்றால், ஒரு வாரம் அவகாசம் கேட்டு இன்றே மெயில் போடுங்கள். கடிதத்தை அனுப்புமுன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள், கொடுக்கும்போது நகலில் பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் வாங்குங்கள். ரூம்மேட்டோடு சேர்ந்து ஒரே கடிதமாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.