ஸ்டைன் வாத்தியாருக்கு என்னதான் ஆச்சு?

கேள்வி: சோல் ஈட்டர் அனிமே பாதி தாண்டிட்டேன் சார். நல்லா பாடம் நடத்திட்டு இருந்த ஸ்டைன் வாத்தியார் ஏன் இப்படி ஆகிட்டாரு? அந்த சூனியக்காரி மெடூசா பக்கமே போயிடுவாரு போலருக்கே?

பதில்: ஸ்பாய்லர் வருது தம்பி, அப்புறம் திட்டக்கூடாது. 2008-09ல போன்ஸ் ஸ்டூடியோ எடுத்த 51 எபிசோடு ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ் அது, எனக்கு அதுல ரொம்பப் புடிச்ச ஆளே இவர்தான், தலையில ஒரு பெரிய திருகாணி, வாயில சிகரெட், சக்கரம் வச்ச ஆபீஸ் நாற்காலியில சர்ருனு உருண்டு வந்து வாசப்படி தட்டி பொத்துனு விழுவாரு பாருங்க, அந்த என்ட்ரி ஒண்ணு போதும். அவர் பாடம் நடத்துற ஷிபுசென் பள்ளிக்கு அடியில 800 வருஷமா கட்டி வச்சிருந்த கிஷின், அதாவது பேய்க்கடவுள், அசுராவை (நம்ம அசுரன்தாங்க, அங்க போய் அசுரா ஆயிட்டான்) மெடூசா எழுப்பி விட்டுடறா. அவன்கிட்டருந்து கிளம்புற பைத்திய அலை எல்லாரையும்தான் தாக்குது, ஆனா ஸ்டைனுக்கு மட்டும் ஏன் இவ்ளோ சீக்கிரம் முத்துதுன்னா அவருக்குள்ள ஏற்கனவே அது கொஞ்சம் இருக்கு, எதைப் பாத்தாலும் அறுத்துப் பாக்கணும்னு ஒரு அரிப்பு, அதை இத்தனை நாளா அவரே அடக்கி வச்சிருந்தாரு, அசுரா மூடியைத் திறந்துட்டான் அவ்ளோதான்.

இதுல மெடூசாவோட கிரிமினல் மூளையைப் பாருங்க. ஸ்டைனைப் பாத்துக்க பள்ளித் தலைவர் ஷினிகாமி அனுப்பின மாரி டீச்சர் (கண்ணுல பட்டை கட்டியிருப்பாங்களே, எங்க போனாலும் வழி தப்புறவங்க, அவங்கதான்) கூடவே இருக்கறாங்க, அவங்க ஆன்ம அலைக்கு ஆத்துற குணம் இருக்கு, அதனாலதான் மனுஷன் ஓரளவு தாக்குப் புடிக்கறாரு. சரி இவரை உடைக்கணும்னா அவங்களைத்தான் கெடுக்கணும்னு தன் பிள்ளை க்ரோனாவை விட்டு மாரி குடிக்கறதுல ஒரு பாம்பைக் கலக்க வச்சிடறா! மருந்தையே விஷமாக்குறதுன்னா இதுதான். மொதல் தடவை பாத்தப்போ எனக்கு இது புரியவே இல்ல, ரெண்டாவது தடவைதான் அட பாவின்னு இருந்துச்சு.

கேள்வி: அப்ப ஸ்டைன் மேல தப்பே இல்லைங்கறீங்களா?

பதில்: அப்படிச் சொன்னா, முன்னாடி ஆயுதமா மாறி ஸ்டைனோட சண்டை போட்ட ஸ்பிரிட் என்னை வெட்டிடுவாரு. ரெண்டு பேரும் ஜோடியா இருந்த காலத்துல அவர் தூங்கும்போது அவர் உடம்புலயே ஆராய்ச்சி பண்ண ஆளாச்சே இந்த ஸ்டைன்! கிளாஸ்லயும் எப்பப் பாரு ஏதாவது ஒரு ஜந்துவை அறுக்கறதுதான் பாடம். ஆனா மெடூசாகிட்ட போனது அவரா யோசிச்சு எடுத்த முடிவு இல்ல, அதுல நான் உறுதியா இருக்கேன். அதுக்குத்தான் அவரைத் தண்டிக்க யாரும் போகல, கூட்டிட்டு வரத்தான் போறாங்க, மாரி போறாங்க, பாம்பைக் கலந்த அதே க்ரோனாவும் உண்மையை ஒத்துக்கிட்டு கூடப் போகுது.

கேள்வி: மங்காவும் (படக்கதை புத்தகம்) இதே கதைதானா? வாங்கலாமா?

பதில்: இல்லைங்க, பின்பாதியில வேற ரூட். அனிமே 2009லயே முடிஞ்சிடுச்சு, கதையை உருவாக்கின ஒகுபோ மங்காவை 2013 வரைக்கும் வரைஞ்சாரு. தாராளமா வாங்கலாம், ஆனா முதல் வால்யூம்லருந்து வாங்குங்க, நடுவுல பூந்தா தலையில திருகாணி உங்களுக்குத்தான்.