விருந்தினர் மேசைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

முதல்முறையாகப் பெங்களூரு காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் மாநாட்டுக்குப் போயிருந்தேன். பள்ளி நாட்களிலிருந்து நான் வாசிக்கும் வெளிநாட்டு ஓவியர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். அவர் நிமிராமலே கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அரை நிமிடம்கூட இருக்காது. வெறுத்துப்போய்த் திரும்பினேன். படைப்பு கையில் இருக்கும்போது படைத்தவரைக் கொண்டுவந்து எதற்கு உட்கார வைக்கிறார்கள்? சினிமா நடிகரைப் பார்க்க முண்டியடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ப., ஓசூர்

அன்புள்ள ப.,

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. காலையிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒரே பெயரை எழுதிக்கொண்டிருப்பவருக்கு மாலையில் முகம் பார்க்கத் தெம்பு இருக்காது என்பது காரணம்தான். ஆனால் ஒன்றரை மணி நேரம் நின்றவருக்கு அது ஆறுதல் ஆகாது.

உங்கள் கடைசிக் கேள்வியில்தான் நான் மாறுபடுகிறேன். நடிகரின் முகம் நமக்குத் தெரியும். காமிக்ஸில் எழுதியவரும் வரைந்தவரும் யார் என்பதே பல காலம் வாசகருக்குத் தெரியாது. இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை இதழ் தொடங்கியபோது அவர்தான் முதல் நாயகன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும் படத்தை மறந்த தமிழ் வாசகர் இருக்க முடியாது. அதை வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அந்தத் தொடர் முதலில் வெளிவந்த பிரிட்டிஷ் வார இதழ்கள் அப்போது ஓவியர் பெயரை அச்சிடுவதே வழக்கமில்லை. மூலத்திலேயே இல்லாத பெயர், அதைத் தமிழில் அச்சிட்ட சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்?

பேட்மேன் கதை இதைவிடக் கொடுமை. 1939இல் வந்த முதல் கதையை எழுதியவர் பில் ஃபிங்கர். ஓவியர் பாப் கேன் முதலில் வரைந்துவந்த உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்ணை மட்டும் மூடும் சிறு முகமூடி, முதுகில் விறைத்த இறக்கைகள். தலையை முழுக்க மூடலாம், இறக்கைக்குப் பதில் மேலங்கி போடலாம், உடையைச் சாம்பல் நிறமாக்கலாம் என்றெல்லாம் சொன்னவர் ஃபிங்கர். புரூஸ் வேன் என்ற பெயரும் காத்தம் நகரம் என்ற பெயரும் அவர் வைத்தவை. பத்திரிகைத் துணுக்குகளையும் வினோதத் தகவல்களையும் சேர்த்துவைக்க அவரிடம் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். கதை முடிச்சுகள் அதிலிருந்து பிறந்தன. ஆனால் இதழில் அச்சானது கேனின் பெயர் மட்டும்தான். அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படி.

1965 கோடையில் நியூயார்க்கில் ரசிகர்களே ஒரு மாநாடு நடத்தினார்கள். ஃபிங்கரைப் பேச அழைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். கால் நூற்றாண்டாகப் பெயரில்லாமல் எழுதியவர், தன்னை வாசித்தவர்களுக்கு எதிரே முதல்முறையாகத் தன் பங்கைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த ரசிகர்களில் ஒருவரான ஜெர்ரி பெயில்ஸ் அதைக் கட்டுரையாக எழுதிப் பரப்பினார். கேன் கோபமாக நீண்ட மறுப்பு எழுதினார். ஃபிங்கர் 1974இல், அறுபது வயது ஆகும் முன்பே, அதிகம் பேர் அறியாமல் இறந்துபோனார். பேட்மேனை உருவாக்கியவர் வரியில் அவர் பெயரும் சேர்ந்தது 2015இல்தான். ஐம்பது வருடம்! அவ்வளவு தாமதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. ஆனால் வாசகர்கள் அதை அவர் வாயாலேயே கேட்ட இடம் பதிப்பகமோ நீதிமன்றமோ இல்லை, நீங்கள் வெறுத்துத் திரும்பியதைப் போன்ற ஒரு விருந்தினர் நாற்காலி. இன்று சான் டியேகோ காமிக் கானில், உரிய அங்கீகாரம் கிடைக்காத கதாசிரியர்களுக்கு ஆண்டுதோறும் ஃபிங்கர் பெயரால் விருது கொடுக்கிறார்கள்.

வந்தவரையே மாற்றிய மாநாடும் உண்டு. அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் 1952க்குப் பிறகு பொதுவாசகருக்கான காமிக்ஸை ஏறக்குறைய விட்டுவிட்டார். ராணுவ வீரர்கள் வண்டியையும் ஆயுதத்தையும் பராமரிக்கச் சொல்லித்தரும் படக்கையேடுகள்தான் அவர் வேலை. 1971இல் ஃபில் சூலிங் நியூயார்க்கில் நடத்திய மாநாட்டுக்கு அழைப்பின்பேரில் போனார். அங்கே டெனிஸ் கிச்சன் போன்ற இளைஞர்களைச் சந்தித்தார். பெரிய கம்பெனிகளை நம்பாமல், பெரியவர்களுக்காகத் தாங்களே காமிக்ஸ் போட்டு விற்றவர்கள் அவர்கள். அறுபதை நெருங்கும் வயதில் மறுபடி வரைய உட்கார்ந்தார் ஐஸ்னர். புத்தக நீளப் படக்கதையைக் குறிக்கும் கிராஃபிக் நாவல் என்ற சொல்லைப் பரவலாக்கிய அவரது புத்தகம் 1978இல் வந்தது.

எனக்கு நேரில் பார்க்க வாய்த்தது மிகச் சிறியது. சில வருடம் முன்பு ஒரு மாநாட்டில் பத்து வயதுப் பையன், கோடு போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் வரைந்த வீரனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஓவியர் தாளை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பையனுடைய பென்சிலையே கேட்டு வாங்கினார். படத்தைத் தொடவில்லை. ஓரத்தில் வேறொரு கை வரைந்து முழங்கை எங்கே மடங்கும் என்று காட்டினார். பிறகு தன் சட்டையைச் சுருட்டி, “என் கையைப் பார், இப்போ நீ வரை” என்றார். பின்னால் நின்ற நாங்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

அடுத்த முறை கூட்டம் சேருமுன் காலையிலேயே போங்கள். கையெழுத்துக்கு முதல் பக்கத்தை நீட்டாமல், உங்களுக்குப் பிடித்த ஒரு படக்கட்டத்தைத் திறந்துவைத்து அதைப் பற்றிக் கேளுங்கள். முடிந்தால் அவர் வரைந்த படம் ஒன்றையும் வாங்குங்கள். பழைய இதழ் மறுபதிப்பு ஆனால் ராயல்டி வரும் என்பது எல்லோருக்கும் நிச்சயமில்லை. பல ஓவியர்களுக்கு அந்த மேசை வருமானம் உண்மையாகவே தேவைப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் அவர் பெயரை நீங்கள் எழுதவே இல்லை. எழுதுங்கள். அவருடைய எந்தக் கதையை முதலில் படித்தீர்கள் என்பதையும்.