பெங்களூருக்கு இறையியல் படிக்கப் போகிறீர்களா? முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு நாசரேத் பக்கம் ஒரு கிராமம். தமிழ் வழியில் படித்து பி.ஏ. முடித்திருக்கிறேன். திருமண்டலம் (எங்கள் பகுதிச் சபைகளின் நிர்வாகம்) என்னைத் தேர்ந்தெடுத்து, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக்கு பி.டி. என்கிற இறையியல் பட்டம் படிக்க அனுப்புகிறது. ஜூனில் போக வேண்டும். திருநெல்வேலியைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. ஆங்கிலம் வாசித்தால் புரியும், பேச வராது. என்ன எடுத்துக்கொண்டு போவது, கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்வது, அந்த ஊரில் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லுங்கள். நேரில் யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தம்பி, பெட்டியில் என்ன வைப்பது என்பதைப் பிறகு பார்ப்போம். இறையியல் மாணவர்களோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில், யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் போய் முதல் வருடம் தடுமாறுகிற நம் பையன்களில் பலர் ஊரின் பரபரப்பைப் பார்த்துத் தடுமாறுவதில்லை. பிரசங்கத்துக்கு அழைக்கிறவர்களிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

உங்கள் கல்லூரி இருக்கிற மில்லர்ஸ் ரோடு, பென்சன் டவுன், பக்கத்தில் பிரேசர் டவுன், சிவாஜிநகர் எல்லாம் பழைய கண்டோன்மென்ட் பகுதி. ஆங்கிலேயப் படையோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கின்றன. தமிழ்ச் சபைகளுக்குக் குறைவில்லை. நீங்கள் போய் இறங்கிய சில வாரத்திலேயே யாராவது ஒரு அங்கிள் போன் செய்வார்: “பிரதர், சனிக்கிழமை நம்ம வீட்ல ஜெபம், ஒரு சின்ன செய்தி கொடுத்துடுங்க.” போவீர்கள். அங்கே இன்னொருவர் வாலிபர் கூடுகைக்கு அழைப்பார். ஞாயிறு காலை ஆராதனை, மத்தியானம் ஒரு வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் இன்னொரு வீட்டில் ஜெபம், விடுதிக்குத் திரும்ப இரவு பத்து மணி. எல்லோரும் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். கிளம்பும்போது ஒரு கவரில் காணிக்கையும் வைத்துத் தருவார்கள். கையில் காசு இல்லாத பையனுக்கு அது பெரிய உதவி. இருபத்திரண்டு வயதில் பெரியவர்கள் எழுந்து நின்று ‘ஐயா’ என்று அழைக்கும்போது மனசும் அங்கேயே நின்றுவிடும். திங்கட்கிழமை காலை கிரேக்க வகுப்பில் உட்கார்ந்தால் கண் சொக்கும். இப்படியே மூன்று மாதம் போனால் பாடத்தைப் பிடிக்க முடியாது.

அதனால் முதல் வருடம் கல்லூரி உங்களுக்கு ஒதுக்குகிற சபைப் பணி ஒன்று போதும். மற்ற அழைப்புகளுக்கு, “கல்லூரியில் எனக்கு ஒரு சபை கொடுத்திருக்கிறார்கள் அங்கிள், இந்த வருடம் வேறு எதுவும் ஒத்துக்கொள்ள முடியாது, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒதுக்கிய சபையிலும் எல்லா வாரமும் பிரசங்க மேடை ஏறத் துடிக்காதீர்கள். அந்தப் போதகர் துக்க வீட்டில் எப்படி உட்காருகிறார், கமிட்டிக் கூட்டத்தில் குரல் உயரும்போது என்ன செய்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். வகுப்பறையில் இது கிடைக்காது. பணத்துக்குக் கஷ்டம் என்றால் கல்லூரி நிர்வாகத்திடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். காணிக்கைக் கவரை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். கடன் தரும் ஆப் எதையும் போனில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேதாகமத்தின் மூல மொழிகளான கிரேக்கமும் எபிரெயமும் ஆங்கில வழியில் படித்தவனுக்கும் புதிதுதான். அங்கே எல்லோரும் ஒரே கோட்டில் நிற்கிறீர்கள். சொல்லப்போனால், பள்ளிக்கூடத்தில் வேற்றுமை உருபு ஒழுங்காகப் படித்த தமிழ்ப் பையனுக்குக் கிரேக்கப் பெயர்ச்சொல் சீக்கிரம் பிடிபடும். வார்த்தை, வார்த்தையின், வார்த்தைக்கு, வார்த்தையை என்று நாம் சொல்வதை, கிரேக்கத்தில் லொகொஸ், லொகூ, லொகோ, லொகொன் என்று சொல்கிறார்கள். சொல்லின் கடைசி மாறுகிறது, அதோடு அதன் வேலையும் மாறுகிறது. ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவன் இதற்குத் திணறுவான், நீங்கள் தமிழ் வழியாக யோசியுங்கள். ஜூனுக்கு முன்னால் கிரேக்க எழுத்து 24, எபிரெய எழுத்து 22, இரண்டையும் கை பழகும்படி எழுதிப் பாருங்கள். எபிரெயம் வலமிருந்து இடமாக ஓடும். தினம் அரை மணி நேரம் போதும்.

ஆங்கிலத்தில் பேச்சு வருவதற்கு ஒரே வழிதான் உண்டு. மெஸ்ஸில் தமிழ்ப் பையன்கள் மேசையிலேயே மூன்று வேளையும் உட்காராதீர்கள். மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர், கேரளம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை, தப்பாகப் பேசினால் சிரிக்க மாட்டார்கள். ஒரு வேளையாவது அவர்களோடு சாப்பிடுங்கள். அவர்கள் தட்டில் இருக்கும் கறியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. நம் பக்கத்துப் பிள்ளைகள் சந்தித்ததும் “எந்த ஊர், எந்தச் சேகரம் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள்), அப்பா யாரு?” என்று கேட்போம். அந்தக் கேள்விக்குள் சாதி விசாரணை ஒளிந்திருப்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். விடுதிக்குள் அதைக் கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1981இல் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கம் என்பார்கள். அது நிகழ்ந்தது இதே கல்லூரியில். அங்கே போயும் சேகரத்தை வைத்துச் சாதியைத் துழாவிக்கொண்டிருந்தால் நாம் எதற்கு இறையியல் படிக்கிறோம்?

வகுப்பில் ஒரு நாள் உங்களுக்கு அதிர்ச்சி வரும். பெரும்பாலும் பழைய ஏற்பாட்டு வகுப்பில் வரும். வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் மோசேதான் எழுதினாரா, ஏசாயா புத்தகம் ஒருவர் எழுதியதா என்ற கேள்விகளை ஆசிரியர் எடுத்து வைப்பார். ஞாயிறு பள்ளியில் படித்ததெல்லாம் ஆடிப்போன மாதிரி இருக்கும். அன்று ராத்திரியே ஊர்ப் போதகர் ஐயாவுக்குப் போன் போட்டு அழ வேண்டாம். அடுத்த ஞாயிறே சபையில் அதைப் பிரசங்கமாக அவிழ்க்கவும் வேண்டாம். பாதி புரிந்ததை மேடையில் சொன்னால் கேட்கிற பாட்டிமார் மனசு நோகும், உங்களுக்கும் தெளிவு வராது. மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் எல்லோரும் இதைக் கடந்து வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவரைப் பிடித்து நடந்துகொண்டே பேசுங்கள். அந்த ஆசிரியரையே வகுப்புக்கு வெளியே போய்ப் பாருங்கள், அவரும் ஜெபிக்கிறவர்தான். எந்தக் காரணத்துக்காகவும் தனி ஜெபத்தை நிறுத்தாதீர்கள். புரியாத நாட்களில் சங்கீதத்தை மட்டும் வாசித்தாலும் சரி.

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். ரயில் டிக்கெட் போடும்போது அது பெங்களூரில் எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள். கே.எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அது மெஜஸ்டிக். எஸ்.எம்.வி.டி. என்றால் 2022இல் திறந்த பையப்பனஹள்ளி முனையம். பெயரைப் பார்த்து பையப்பனஹள்ளி மெட்ரோ ஸ்டேஷன் இந்த முனையத்தை ஒட்டியே இருக்கும் என்று நினைக்காதீர்கள், இரண்டும் தள்ளித்தான் இருக்கின்றன. உங்கள் ரயில் கண்டோன்மென்ட்டில் நின்றால் அங்கேயே இறங்குங்கள், கல்லூரி பக்கம். 2025 ஆகஸ்ட்டில் நிர்ணயித்தபடி ஆட்டோவுக்கு முதல் 2 கிலோமீட்டர் 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. இரவு பத்து முதல் காலை ஐந்து வரை ஒன்றரை மடங்கு. மீட்டர் போட மறுத்தால் ‘நம்ம யாத்ரி’ ஆப்பில் பாருங்கள். ஊருக்குள் போக வர சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டைப் பழகிக்கொண்டால் போதும், பஸ்தான் மலிவு. செப்டம்பர் 8 மாதா திருவிழாவை ஒட்டி சிவாஜிநகர் பக்கம் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். உங்களோடு படிக்க வரும் தங்கைகளுக்கு ஒரு தகவல்: கர்நாடகத்தின் இலவச பஸ் பயணம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும், தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் டிக்கெட் வாங்கச் சொல்வார்கள்.

கடையிலும் ஆட்டோவிலும் அந்தப் பக்கம் தமிழே ஓடும். அதற்காகக் கன்னடம் படிக்காமல் இருந்துவிடாதீர்கள். நான்கு வருடம் ஒரு ஊரின் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கன்னடக்காரப் பாட்டியிடம் ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்கக்கூடத் தெரியவில்லை என்றால் அது ஊழியத்துக்கு அழகில்லை.

பெட்டிக்குள்: ஸ்வெட்டர் ஒன்று, கனமான போர்வை ஒன்று, குடை ஒன்று. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், டிசம்பர் ராத்திரியில் நம் ஊர்க்காரர்களுக்கு நடுங்கும். வீசிங் தொல்லை உள்ளவர் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து கையில் இருக்கட்டும், பெங்களூர்க் காற்று பலருக்கு ஒத்துக்கொள்ளாது. உங்கள் பழைய தமிழ் வேதாகமத்தோடு கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் வையுங்கள். ஒப்பிட்டு வாசிக்க இரண்டும் வேண்டும். ஆங்கில வேதாகமம் எது வாங்குவது என்பதை வகுப்பு தொடங்கியதும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பணம்: திருமண்டலம் தரும் உதவித்தொகை மாதா மாதம் சொன்ன தேதியில் வந்து விழும் என்று நம்பி உட்காராதீர்கள். மெஸ் பில் எவ்வளவு என்று கல்லூரி அலுவலகத்தில் இப்போதே போன் செய்து கேளுங்கள். இரண்டு மாத மெஸ் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் வையுங்கள்.

சான்றிதழ்கள்தான் கடைசி நிமிடத்தில் பையன்களை அலைய வைக்கும். பல்கலைக்கழகத்தில் மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள், கிடைக்க நாள் எடுக்கும். ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றுகளைச் சேகரக் குருவானவரிடம் முத்திரையோடு வாங்குங்கள். திருமண்டலத்தின் பரிந்துரைக் கடிதத்தில் உங்கள் பெயரும் இனிஷியலும் டிகிரி சர்டிபிகேட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, அலுவலகத்திலேயே ஒரு நகலில் தேதி போட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.