ஆயில் கூலர் உங்கள் காருக்குத் தேவையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பங்குனி வெயில் ஏறியதும் இன்ஜின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலர் பற்றிய கேள்விகள் குவிந்துவிடுகின்றன. மதுரைக்குள்ளிருந்தும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வத்தலக்குண்டு வழியாக அடிக்கடி கொடைக்கானல் ஏறுகிறேன். டர்போ டீசல் கார். மலையில் ஆயில் கொதித்துவிடும், தனியாக ஓர் ஆயில் கூலர் போட்டுவிடுங்கள் என்று பட்டறையில் சொல்கிறார்கள். ஆனால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் நடுவிலேயேதான் நிற்கிறது. போடலாமா? (ஆனையூர்)

அந்த முள் காட்டுவது கூலன்டின், அதாவது இன்ஜினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை. ஆயிலின் சூட்டை அல்ல. கூலன்டை 90 டிகிரி அளவில் பிடித்துவைக்க, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் ஃபேனும் இருக்கின்றன. போதாததற்கு, பல கார்களில் சின்ன ஏற்ற இறக்கங்களுக்கு ஆடாதபடிதான் முள்ளையே அமைத்திருக்கிறார்கள். ஆயில் 125 டிகிரியில் இருக்கும்போதும் அது நடுவிலேயே நிற்கும்.

எனவே கூலருக்கு முன்னால் ஓர் ஆயில் டெம்பரேச்சர் கேஜ் போடுங்கள். செலவு கூலரைவிட மிகவும் குறைவு. சென்சார் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பிலோ, ஆயில் ஃபில்டருக்குப் போகும் வழியிலோ இருக்க வேண்டும். கூலரிலிருந்து ஆறித் திரும்பும் வழியில் வைத்தால் நல்ல செய்தியை மட்டும்தான் சொல்லும். பிறகு வழக்கம்போல் ஆள்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை மலை ஏறிப் பாருங்கள். 90 முதல் 110 வரை இருந்தால் உங்கள் இன்ஜினுக்கு எதுவும் தேவையில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் சற்று நேரம் 120-ஐத் தொட்டு இறங்கினாலும் நல்ல சிந்தெடிக் ஆயில் தாங்கும். 120-க்கு மேலேயே நின்றாலோ 130-ஐ எட்டினாலோதான் கூலர் பற்றி யோசிக்க வேண்டும். ஆயில் கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. 130-ல் ஓடும் ஆயிலுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது.

இன்னொன்று. பல டீசல் இன்ஜின்களில் கம்பெனியிலேயே ஓர் ஆயில் கூலர் வருகிறது. ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கை ஒட்டியோ பிளாக்கோடு சேர்ந்தோ இருக்கும். கூலன்ட் உள்ளே ஓடி ஆயிலைக் குளிர்விக்கும். உங்கள் காரிலும் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மலையில் வண்டி எப்படி ஓடுகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு 1,700 மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறோம், பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கியரில். இன்ஜினுக்கு முழுச் சுமை; முகப்பில் அடிக்கும் காற்றோ குறைவு. பம்பரின் ஒரு மூலையில் சும்மா தொங்கவிட்ட கூலர் நாற்கரச் சாலையில் நன்றாக வேலை செய்யும், இங்கே சுணங்கிவிடும். போடுவதென்றால் ரேடியேட்டர் ஃபேன் காற்றை இழுக்கும் இடத்தில் போடுங்கள், இல்லையென்றால் தனி ஃபேன் வையுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போ பேரிங்கில் தேங்கும் ஆயில் கருகாமல் இருக்க இதுவே பெரிய உதவி.

கோடையில் மதுரையே 40 டிகிரி கொதிக்கிறது. பெட்ரோல் காரை வீட்டுக்கும் கடைக்குமாக ஊருக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். ஆயில் கூலர் போட்டால் இன்ஜின் நீண்ட நாள் வருமா? (பழங்காநத்தம்)

வராது. உங்களுக்குக் கெடுதலாகவும் முடியலாம். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் தனக்குத் தேவையான சூட்டையே எட்டுவதில்லை. எட்டினால்தான் உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெண்ணெய் பூசியதுபோல் இருந்தால் பெரும்பாலும் ஆயில் போதிய அளவு சூடாகவில்லை என்று அர்த்தம். கூலன்ட் குறைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டரைப் பார்க்காமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை மேலூர் வரை போய்வாருங்கள்.

கேஜ் போட்டுப் பார்த்தாயிற்று, கூலர் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பிட்டிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்? (மேலூர், திருப்பரங்குன்றம்)

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். இந்த வேலையில் நேரும் கேடு அத்தனையும் பிட்டிங்கில்தான்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி, பிளாக்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே, ஆயிலைக் கூலருக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் சாண்ட்விச் பிளேட் உட்காரும். முதலில் மரை. இன்ஜினுக்கு இன்ஜின் ஃபில்டர் மரை மாறும், எம்20-1.5 மரையும் முக்கால் அங்குலம் 16 மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். கையால் கடைசிவரை சுலபமாக ஏறாத எதையும் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேலேயே இன்னொரு வளையம் உட்கார்ந்தால் அழுத்தம் ஏறிய நொடியில் பிதுங்கிவிடும். புது ஓரிங்குக்கு ஆயில் தடவித்தான் வைக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டையே வாங்குங்கள். 80 டிகிரிக்கு மேல்தான் அது கூலருக்கு முழு வழி விடும். காலையில் ஆயில் சீக்கிரம் சூடாக இது அவசியம். மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயில் கூலருக்குப் போய்வரும்படிதான் நல்ல பிளேட்டுகளைச் செய்கிறார்கள். அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

ஹோஸ்தான் உயிர்நாடி. பணத்தை மிச்சப்படுத்த ரேடியேட்டர் ஹோஸை வெட்டி, திருகுக் கிளிப் போட்டு விட்டிருப்பதை இன்றும் பார்க்கிறேன். கூலன்ட் ஹோஸ் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். ஆயில் பட்டால் ஊறி, உப்பி, மென்மையாகிவிடும். டயரில் நாம் அடிப்பது 33 பிஎஸ்ஐ. சூடான இன்ஜினில் ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 40 முதல் 60 வரை நிற்கும், காலை ஸ்டார்ட்டில் இன்னும் ஏறும். ஆயிலுக்கென்றே வரும் நைட்ரைல் ரப்பர் அல்லது பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்சுவர் கொண்ட ஹோஸும், அழுத்திப் பொருத்திய அல்லது திருகி இறுக்கும் முறையான இணைப்புப் பிட்டிங்கும் வேண்டும். நாற்கரச் சாலையில் ஹோஸ் கழன்றால் சம்பில் இருக்கும் நான்கு லிட்டரும் ரோட்டுக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

ஹோஸை வெட்டியதும் அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக ரப்பர் தூளும், கம்பி பின்னிய ஹோஸாக இருந்தால் மயிரிழை போல் எஃகு நூலும் ஒட்டியிருக்கும். கூலரிலிருந்து திரும்பும் ஆயில் சில அமைப்புகளில் ஃபில்டரைத் தாண்டி நேரே பேரிங்குக்குப் போகிறது; அந்தத் தூளும் கூடவே போகும். டீசலோ பெட்ரோலோ விட்டுக் கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்து, துணி வெள்ளையாக வந்த பிறகே மாட்டுங்கள்.

டெஃப்லான் டேப் பழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றிப்போய்விட்டது. கூம்பு முகத்தோடு உலோகத்துக்கு உலோகம் அமரும் ஏஎன் பிட்டிங்குக்கு டேப் கூடவே கூடாது. பிய்ந்த துண்டு ஆயில் வழியை அடைக்கும். கூலர் பக்கத்தை ஒரு ஸ்பேனராலும் ஹோஸ் பக்கத்தை இன்னொன்றாலும் பிடித்தே முறுக்க வேண்டும். ஒற்றை ஸ்பேனர் போட்டால் கூலரின் அலுமினியக் கழுத்து திருகி விரிசல் விடும்.

கூலரை வாய் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி, ரப்பர் புஷ் போட்டு நிறுத்துங்கள். கீழ்நோக்கி வைத்தால் காற்று தங்கும். ஏசி கண்டென்சரோடு உரசக் கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் ஹோஸ் போகவே கூடாது. வேறு வழியில்லையென்றால் வெப்பத்தைத் தாங்கும் உறை வேண்டும். சாண்ட்விச் பிளேட் போட்டதும் ஃபில்டர் சில சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். நம் ஊர் வேகத்தடைகளுக்கு அந்த இடைவெளி போதுமா என்று குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

கூலர் போட்ட மறுநாள் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கிவிட்டது. லீக் எங்கும் இல்லை. (அலங்காநல்லூர்)

கூலரும் ஹோஸும் அரை லிட்டருக்கு மேல் குடித்திருக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகு நிறுத்தி, சமதரையில் பத்து நிமிடம் விட்டு மட்டம் பார்த்து நிரப்புங்கள். அடுத்த ஆயில் சேஞ்சில் கூலருக்குள் இருப்பது முழுவதும் வடியாது. ஆகவே இந்தமுறை ஊற்றிய அளவையே அப்படியே ஊற்றிவிடாதீர்கள். மட்டம் மிஞ்சினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து ஆயில் நுரைத்துப்போகும்.

கூலன்ட் டப்பாவில் பழுப்பாக ஆயில் மிதக்கிறது. ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத்தான் இருக்கிறது. டீசல் டாக்ஸி, தினமும் ஓடினால்தான் வருமானம். (உசிலம்பட்டி)

ஹெட்டை இறக்குவதற்கு முன் கம்பெனி ஆயில் கூலரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அடையாளங்கள் அதைத்தான் காட்டுகின்றன. இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் கூலன்ட் அழுத்தத்தைவிட மிக அதிகம். கூலருக்குள் இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தகடு அரித்தால் முதலில் ஆயில்தான் கூலன்டுக்குள் தள்ளப்படும், டிப்ஸ்டிக் சுத்தமாகவே இருக்கும். ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் கூலன்டில் தொடர்ந்து குமிழி வரும், ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகும், வெள்ளைப் புகையும் சேரும். கூலரைக் கழற்றி, ஆயில் வழியின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அளவாகக் காற்றுக் கொடுத்து, பஞ்சர் பார்ப்பதுபோல் தண்ணீருக்குள் முக்கினால் தெரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியென்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரையும் சந்தேகப்பட வேண்டும்.

நாளை, மறுநாள் என்று தள்ளாதீர்கள். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் பூஜ்ஜியமாகிவிடும். சூடான கூலன்டின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கலாம். அது பேரிங்கைத் தின்னும், பிறகு செலவு உங்கள் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். கூலரை மாற்றிய பிறகு கூலன்ட் வழியைப் பலமுறை ஃப்ளஷ் செய்து, ஆயிலில் ஊறிய ஹோஸ்களையும் மாற்றுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கமிருந்தால் இன்றோடு விடுங்கள். அந்த உப்புதான் உள்ளிருக்கும் அலுமினியத்தை அரிக்கிறது. வெளியே காற்றில் ஆறும் கூலர் போட்டால் இது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, ஓட்டை அங்கேயேதான் இருக்கும்.

கிரானைட் குவாரிப் பக்கம் ஓடும் வண்டி. கூலரைச் சுத்தம் செய்வது எப்படி? (மேலூர்)

வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அதன் கிட்டே கொண்டுபோகவிடாதீர்கள். கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கினால் காற்று புகாது. இன்ஜின் ஆறிய பிறகு, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். தூசி ஆயில் கசிவோடு சேர்ந்து அப்பியிருந்தால் டிகிரீசர் அடித்து ஊறவிட்டுக் கழுவுங்கள். அப்பிய இடத்துக்கு நேர் மேலே ஒரு பிட்டிங் கசிகிறது என்று அர்த்தம், அதையும் தேடுங்கள். ரோட்டில் நெல் அடிக்கும் அறுவடைக் காலத்தில் கூளமும், மழைக்குப் பிறகு ஈசலும் அடைக்கும். ஒவ்வொரு ஆயில் சேஞ்சிலும் ஹோஸ் எங்கே எதில் உரசுகிறது என்று கையால் தடவிப் பாருங்கள்.

வாரண்டி போய்விடுமா? (வில்லாபுரம்)

கூலரால் வந்ததென்று கம்பெனி சொல்லக்கூடிய கோளாறுகளுக்கு மறுக்கலாம். வாரண்டி முடியாத வண்டியில் போட வேண்டாம் என்பதே என் கருத்து. போட்டுவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பழைய இரும்புக் கடையில் ஒரு கூலர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருமங்கலம்)

எந்த வண்டியிலிருந்து, எதற்காகக் கழற்றினார்கள் என்று தெரியாத கூலரை வாங்காதீர்கள். இன்ஜின் பிடித்துப்போன வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பேரிங் உலோகத் துகள் அதன் மெல்லிய தகடுகளுக்குள் தங்கியிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது, உங்கள் இன்ஜின் சூட்டில்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். மவுண்டிங் பட்டையும் பிராக்கெட்டும் பழையதாக இருந்தால் பரவாயில்லை. கூலரும் ஹோஸும் புதிதாகவே வாங்குங்கள்.