புது டெக்னாலஜியை பார்லிமெண்ட்டுல யாரு அலசிப் பாக்குறாங்க?

கேள்வி: ஏஐ, முகத்தை ஸ்கேன் பண்ற கேமரான்னு தினம் ஒண்ணு வருது. இதனால ஜனங்களுக்கு என்ன ஆகும்னு எம்பிங்களுக்கு யாரு எடுத்துச் சொல்றாங்க? அவங்க எல்லாருமே டெக்னாலஜி படிச்சவங்க இல்லையே அண்ணே?
– வாசகி, ஈசூன்

பதில்: முக்கியமான கேள்விம்மா. சில நாடுகள்ல பார்லிமெண்ட்டுக்குன்னே இதுக்கு தனி ஆபீஸ் இருக்கு. முதல்ல ஆரம்பிச்சது அமெரிக்கா, 1972ல சட்டம் போட்டு ஓடிஏ-ன்னு (டெக்னாலஜி மதிப்பீட்டு ஆபீஸ்) ஒண்ணு வச்சாங்க, கட்சி பாக்காம சுமார் 750 ரிப்போர்ட் எழுதிக் குடுத்துச்சு, அப்புறம் செலவைக் குறைக்கிறோம்னு 1995ல இழுத்து மூடிட்டாங்க, எனக்கு அது இன்னைக்கும் பெரிய நஷ்டமாத்தான் தெரியுது. இதே மாதிரி பிரிட்டன்ல 'போஸ்ட்'னு ஒரு ஆபீஸ் இருக்கு, ஜெர்மனில 1990ல இருந்து 'டாப்'னு ஒண்ணு இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டென்மார்க் செஞ்சதுதான். அங்க நிபுணர்கள மட்டும் உக்கார வச்சுப் பேசல, அந்தத் துறைக்கு சம்பந்தமே இல்லாத சாதாரண ஆளுங்க பதினஞ்சு பேர் மாதிரி கூப்பிட்டு, ரெண்டு வீக்எண்ட் விஷயத்தப் படிக்க வச்சு, என்ன கேக்கணும்னு அவங்களையே முடிவு பண்ணச் சொல்லி, அப்புறம் நிபுணர்கள முன்னாடி உக்கார வச்சு கேள்வி கேக்க விட்டாங்க, கடைசில ரிப்போர்ட்டும் அவங்க கையாலதான். 1989ல சாப்பாட்டுப் பொருளுக்கு கதிர்வீச்சு குடுத்து கெடாம வைக்கலாமான்னு இப்படி ஒரு குழு உக்காந்துச்சு. அதுக்கப்புறம் அந்த நாட்டு பார்லிமெண்ட், காய்ஞ்ச மசாலாவைத் தவிர வேற எதுக்கும் வேணாம்னு முடிவு எடுத்துச்சு. மார்க்கெட்டுக்குப் போற சாதாரண ஜனம் கேட்ட கேள்விக்கு அவ்வளவு மதிப்பு!

நம்ம சிங்கப்பூர்ல பார்லிமெண்ட்டுக்குள்ள இப்படி நிரந்தர ஆபீஸ் கிடையாது. எம்பிங்க கேள்வி கேப்பாங்க, பெரிய விஷயம்னா அதை விசாரிக்க எம்பிங்களை வச்சு தெரிவுக் குழு (செலக்ட் கமிட்டி) போடுவாங்க. 2018ல ஆன்லைன் பொய்ச் செய்திக்குப் போட்ட குழு, பொதுமக்கள்கிட்ட எழுத்துல கருத்து வாங்கி, எட்டு நாள் விசாரிச்சு, 22 பரிந்துரை குடுத்துச்சு. ஆனா கோவிட் நேரத்துல யாரு யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு கண்டுபிடிக்க வச்ச டிரேஸ்டுகெதர் ஞாபகம் இருக்கா? மார்ச் 2020ல வந்துச்சு, ஆப்பையோ டோக்கன்ங்கற சின்னக் கருவியையோ வச்சுத்தான் மால்ல நுழைஞ்சோம், அந்த டேட்டாவ கிரிமினல் விசாரணைக்கு போலீஸ் எடுக்கலாம்ங்கறது ஜனவரி 2021ல பார்லிமெண்ட்டுல ஒரு எம்பி கேட்டப்பதான் தெளிவா வெளிய வந்துச்சு. அடுத்த மாசமே ஏழு வகை பெரிய குற்றத்துக்கு மட்டும்னு சட்டத்துல வரையறை வச்சாங்க, அது நல்லதுதான். ஆனா அந்தக் கேள்வி டோக்கன் குடுக்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும், அதைக் கேக்கறதையே வேலையா வச்சிருக்கற ஒரு சின்ன ஆபீஸ் நம்ம பார்லிமெண்ட்டுக்கும் வேணும்னு நான் நெனைக்கிறேன்.

அதுவரைக்கும், உங்க தொகுதி எம்பியோட மக்கள் சந்திப்புக்குப் போய் இதையே கேளுங்கம்மா, தெரிவுக் குழு கருத்து கேட்டா நீங்களும் எழுதிப் போடுங்க, அதுக்கு டெக்னாலஜி படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.